ஆயாவின் தயிர்ச்சோறா, கடைப் பொடியா?

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்குட்டிக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. மருந்துக்கடையில் புரோபயாட்டிக் பொடி கொடுக்கச் சொல்கிறார்கள். ஆயாவோ, 'தயிர்ச்சோறு போதும்' என்கிறார். யார் சொல்வது சரி?
(வாசகர், கம்மாபுரம்)

பதில்: இருவர் கையிலும் இருப்பது உயிருள்ள பாக்டீரியாதான். தயிரில் உள்ளது பாலில் வளர்ந்த பிள்ளை. நாயின் குடலுக்கு விருந்தாளியாக வந்து, கைநனைத்துவிட்டுப் போய்விடும். பொடிகளில் பரவலாகச் சேர்க்கப்படும் என்டரோகாக்கஸ் ஃபீசியமோ குடல்வாசி இனம். நோய் எதிர்ப்பு அணுக்களில் பாதிக்கு மேல் குடலை ஒட்டித்தான் பாளையம் இறங்கியிருக்கின்றன. அவற்றை உசுப்பிவிடுவதுதான் இந்தக் குடல்வாசியின் வேலை. 2003-ல் வெளியான ஆய்வொன்றில், இதை உணவோடு தின்ற குட்டிகளின் மலத்தில், குடலுக்குக் காவலான ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் கூடியிருந்தது. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசிக்கும் உடம்பு கூடுதலாக ஈடுகொடுத்தது.

அதற்காக ஆயாவைக் கைவிட வேண்டாம். புளிக்காத தயிர், குழைந்த சோறு, உப்பும் தாளிப்பும் இல்லாமல் இரண்டு கரண்டி. வெங்காயம் கூடவே கூடாது, அது நாய்க்கு நஞ்சு. உங்கள் ஊர்ப்பக்கத்து விருத்தாசலம் பீங்கான் கிண்ணத்தில் வையுங்கள். அடியில் வரைந்த பூ தெரியும்வரை நக்கினால் குட்டி தேறுகிறது என்று பொருள்.

ஆனால் வாந்தி, ரத்தம் கலந்த கழிச்சல், தலை தூக்காத சோர்வு என்றால் அது பார்வோவாக இருக்கலாம். 1978-ல் அடையாளம் காணப்பட்ட அந்த வைரஸ் குடலின் உள்சுவரையே அரித்துவிடும். அங்கே பொடியும் செல்லாது, தயிரும் செல்லாது. விடியட்டும் என்று காத்திருக்காமல் குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.