பனிக்கால மோட்டார் சைக்கிளும் எஞ்சின் ஒயிலும்: ஒரு திணைநிலை ஆய்வு

1. ஆய்வின் தேவை

ரொறன்ரோவில் நவம்பர் பிறந்தால் வீதியில் பனி, பனிக்கு மேல் உப்பு. மோட்டார் சைக்கிள் கராஜுக்குள் போனால் ஏப்ரலில்தான் வெளியே வரும். அதுவரை அதன் எஞ்சினுக்குள் கிடக்கும் ஒயிலின் நிலை என்ன என்பதைத் தமிழ்ப் பேராசிரியர் எவரும் ஆராய்ந்ததில்லை. எவரும் ஆராயவில்லை என்பதே ஒரு பொருளை ஆராயப் போதுமான காரணம் என்பது துறை மரபு.

2. திணை வகுப்பு

வண்டியும் ஓட்டுநரும் பிரிந்திருப்பதால் இது பாலை என்பர் ஒரு சாரார். வண்டி வீட்டிலேயே காத்திருப்பதால் முல்லை என்பர் மறு சாரார். ஏப்ரலில் சாவியைத் திருப்ப, அது பேசாமல் நிற்பது மருதத்துக்குரிய ஊடல். “உதை வித்துத் துலையுங்கோவன்” என்ற வீட்டுக்காரியின் கூற்று எத்திணையிலும் அடங்காமையால் ஆய்வெல்லைக்குப் புறம்பானது. முன்பனியையும் பின்பனியையும் நான்கு மாதத்தில் முடித்துவைத்த முன்னோர் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் குடியிருந்திலர் என்பதும் இங்கு உறுதியாகிறது.

3. ஒயிற் கொள்கை

ஓடிய எஞ்சினின் ஒயிலில் நீர், அமிலம், எரியாத பெற்றோல் மூன்றும் கலந்திருக்கும். ஒயிலோடு சேர்த்து விற்கப்படும் காரப்பொருள் அமிலத்தை முறிக்கும்; ஓட ஓட அதுவும் தீரும். அந்த ஒயிலை ஐந்து மாதம் உள்ளே விட்டால் பெயாரிங்குகளை அரிக்கும். ஆகவே ஒயில் மாற்றுவது பூட்டிவைப்பதற்கு முன்பே. வண்டியைச் சற்று ஓடிச் சூடாக்கி, எஞ்சினுக்கு அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றுக. கறுத்த ஒயில் முதலில் சட்டிக்குள் விழாது. மணிக்கட்டில் ஏறி, முழங்கை வரை போய், பிறகே சட்டியை நினைக்கும். புது பில்டர், புது ஒயில் இட்டு, அது எங்கும் பரவுமளவு ஓடவிட்டு நிறுத்துக.

“ஏப்ரலில மாத்தினால் காணும், புது ஒயில் சும்மா கிடந்து பழுதாப் போம்” என்பது எதிர்க்கொள்கை (பேஸ்மெண்டில் குடியிருக்கும் அண்ணர், வாய்மொழி, தேநீர்ப் பதிப்பு). புது ஒயில் ஒரு குளிர்காலத்தில் பழுதாவதில்லை.

10டபிள்யூ-40 ஒயில் பற்றி: எஸ்.ஏ.ஈ. ஜே300 தரப்படி 10டபிள்யூ ஒயில் -25 பாகையிலும் எஞ்சினைச் சுழலவிட வேண்டும். -30இலும் பம்புக்குள் ஓட வேண்டும். காருக்கான எரிபொருள் சிக்கன ஒயிலை ஊற்றினால், ஒயிலில் நனைந்தபடி வேலை செய்யும் கிளச் வழுக்கக்கூடும்; ஆகவே ஜாசோ எம்.ஏ. முத்திரையைப் பார்த்து வாங்குக. இதில் அறிஞரிடைக் கருத்து வேறுபாடு இல்லாமையால் மேலே எழுத எதுவுமில்லை.

4. பற்றரி

தானியங்கிச் சார்ஜரில் போடுக. சார்ஜ் இறங்கிய பற்றரி உறைந்து வெடிக்கக்கூடும்.

5. பெற்றோல்

தாங்கியை நிரப்பி, கெடாமலிருக்க ஸ்ரபிலைசர் ஊற்றுக.

6. எலி

சைலன்சர் வாயை அடைக்க. எலி ஒயரையும் ஆய்வேட்டையும் வேறுபாடின்றிக் கொறிக்கும். முன்னதற்கே வாசகர் வருந்துவர்.

7. ஞாயிறு உறுமல்

இதுவே ஆய்வின் உயிர்நிலை. ஞாயிறு காலை, சாரத்துக்கு மேல் பனிக்கோட்டு அணிந்து கராஜுக்குள் இறங்கி, வண்டியை ஸ்ரார்ட் செய்து, அக்சிலேற்றரை இருமுறை முறுக்கி, ஐந்து நிமிடம் நின்று கேட்டு, நிறுத்திவிட்டு மேலேறும் வழக்கம் நம்மவரிடை உண்டு. இதுபற்றி வாரவாதம், மாதவாதம், தொடாவாதம் என மூன்று தரிசனங்கள் எழுந்துள்ளன.

வாரவாதத்தின் மூலநூல், “ஒயில் சுத்தினால்தான் எஞ்சினுக்கு உயிர்” என்பது (மேற்படி அண்ணர், தேநீர்ப் பதிப்பு). “கிழமைக்கு ஒருக்கா அவளின்ரை குரல் கேக்காட்டி எனக்கு நித்திரை வராது” என்ற வரி பின்னர் சேர்ந்தது (மேற்படி, விரித்த பதிப்பு, விஸ்கியுடன், பாடபேதம்: “எனக்கு” என்னுமிடத்தில் “மனுசனுக்கு”). மூன்றாவது, “நான் எங்கை ஸ்ரார்ட் பண்ணினனான்?” என்ற ஒற்றை வரியே எஞ்சிய சுருக்கப் பதிப்பு (மேற்படி, மனைவி படியிறங்கி வந்தபின் வெளியானது, ஏனைய யாவும் இடைச்செருகல் என ஆசிரியராலேயே அறிவிக்கப்பட்டது). ஆசிரியர் உயிரோடு எதிரே நிற்கும்போதே மூலபாடம் இப்படிச் சிதையுமானால், ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய புலவருக்கு ஊரும் குலமும் தேடிக் கொடுக்கும் நம் அறிஞரின் துணிவு வணங்கத்தக்கது.

தொடாவாதமே அறிவியலுக்குப் பொருந்துவது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் பிறக்கும். ஐந்து நிமிடத்தில் எஞ்சின் அந்த ஆவியை விரட்டுமளவு சூடேறாது. அது சைலன்சருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் நீராகத் தங்கும். ஒயில் மூடியைத் திறந்தால் அடியில் பாலாடைபோல் வெளிறிய களி ஒட்டியிருக்கும். ஸ்ரார்ட் செய்யச் செலவான மின்சாரமும் பற்றரிக்கு முழுதாகத் திரும்பாது. கராஜ் கதவு மூடியிருந்தால் புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட் வாரவாதியையே முடித்துவிடும். அத்துடன் தரிசனங்கள் இரண்டாகும்.

8. முடிவு

வண்டிக்குத் தேவையானதெல்லாம் வண்டியோடு தந்த கையேட்டில், பூட்டிவைப்பது பற்றிய பகுதியில், திணையோ பாடபேதமோ இல்லாமல் உள்ளது. அதை வாசியுங்கள். ஒயிலை மாற்றியபின் ஏப்ரல் வரை வண்டியைச் சும்மா விடுங்கள். பழைய ஒயிலை மட்டும் வீதிச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது நேரே ஆற்றுக்கும் ஏரிக்கும் போகும். போத்தலில் அடைத்து, மாநகரசபையின் அபாயக் கழிவு சேகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.