ஜிகர்தண்டா: ஈரலியல் நோக்கில் ஒரு சொல்லாய்வு

மதுரை விளக்குத்தூண் பக்கம் சித்திரை வெயிலில் நின்று ஜிகர்தண்டா குடிப்பவரிடம் அது என்னவென்று கேட்டால், பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று சொல்லிவிட்டுக் கிளாஸை நீட்டிவிடுவார். ஆய்வுலகம் இதை ஏற்காது. உள்ளே இறங்குவது பால் அன்று, சொல்.

ஜிகர் பாரசீகம்; பொருள், கல்லீரல். தண்டா இந்தி; பொருள், குளிர்ந்தது. சமஸ்கிருத யக்ருத்தும் லத்தீன் யெகுரும் ஜிகருக்குப் பங்காளிகள். உருதுக்காரர்கள் ஈரலில் துணிச்சலையும் பாசத்தையும் குடிவைத்து, பெற்ற பிள்ளையை 'ஈரல் துண்டு' என்று கொஞ்சுவார்கள். அதையே மதுரை ராத்திரிக் கடையில் சொன்னால், "மிளகு தூக்கலாப் போடவாண்ணே?" என்பார்கள். நாமும் சளைத்தவர்கள் அல்லர். பயந்தால் நமக்கு நடுங்குவது ஈரக்குலை.

துருக்கியில் கறுப்பு ஜிகர் என்றால் கல்லீரல், வெள்ளை ஜிகர் என்றால் நுரையீரல். தமிழனும் நுரையீரலை ஈரல் கணக்கில்தான் சேர்த்தான். இருவரும் என்றோ ஒரே கறிக்கடை வரிசையில் நின்றிருக்க வேண்டும் (சான்று: அக்கடையின் வெட்டுக்கட்டை, தென்மேற்கு மூலைக் கீறல்). மண்ணீரலை மதுரைக் கறிக்கடைக்காரர் சுவரொட்டி என்பார். சுவரில் ஒட்டுவதைப் போஸ்டர் என்பார். இதில் யாருக்கும் குழப்பம் வராதது ஆய்வாளருக்குப் பெரிய ஏமாற்றம்.

உண்மையான போர்க்களம் தண்டாதான். இந்தியில் அதன் முதலெழுத்து டகர இனம். தொல்காப்பியம் டகரத்தை மொழிக்கு முதலில் நிற்க விடாது. ஆகவே தகரமாயிற்று என்பது ஒரு கட்சி. ஜிகருக்குப் பின்னால் நிற்பது எப்படி முதலாகும் என்பது எதிர்க்கட்சி. (டீயும் டிக்கெட்டும் இலக்கணம் கண்ணயர்ந்த நேரத்தில் உள்ளே வந்தவை.) 'தண்' என்றாலே குளிர்ச்சி, தண்ணீரைப் பார், இந்திக்காரன் வாங்கிய கடனை வட்டியில்லாமல் திருப்பியிருக்கிறான் என்பது மூன்றாம் கட்சி. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அரைமணி நேரத்தில் தமிழுக்கோ சமஸ்கிருதத்துக்கோ தாலி கட்டி வைக்கும் அறிஞர்கள் இரு தரப்பிலும் உண்டு. சொல்லைச் சம்மதம் கேட்ட வழக்கமில்லை.

தமிழ் எழுத்தில் இன்னும் பல தண்டாக்கள் முண்டியடிக்கின்றன. இந்தியிலேயே இன்னொன்று தடி. தெலுங்கில் பூமாலை. தெலங்கானாவில் லம்பாடிகளின் குடியிருப்பு. கன்னடத்தில் வீண். கடல் தாண்டி மலாயில் 'தெண்டா' என்று திரிந்து அபராதம். மதுரையில் வம்போடு சேர்ந்தால் தகராறு. 2014-இல் கார்த்திக் சுப்புராஜ் மதுரை ரவுடியை வைத்து எடுத்த 'ஜிகர்தண்டா'வுக்கு இப்பொருளே பொருந்தும். ஆக, நம் கிளாஸில் இருப்பது ஈரல்தடியா, ஈரல்மாலையா, ஈரலுக்கு அபராதமா? கடைசிப் பொருள் அரசு நடத்தும் வேறொரு கடைக்கே உரியது என்று தள்ளிவிடலாம்.

மூலபாடம் விலைப்பலகையில் உள்ளது (மூன்றாம் வரி, ஈ உட்கார்ந்திருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஈ பறந்தபின் 'ஜிகிர்தண்டா' எனப் பாடபேதம், ஈ திரும்பி வந்தபின் உரையாசிரியர்கள் மௌனம்). கல்லாவில் இருப்பவரிடம் விளக்கம் கேட்டதற்கு, "ஸ்பெஷலா, சாதாவா?" என்றார். சாதாவும் பாரசீகம். அதற்குத் தனி நிதி கேட்டு விண்ணப்பம் தயாராகிறது.