அர்ச்சனைக் கொம்பனியின் மனேஜர்

சிவமயம்

இலண்டன்,
2.12.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அம்மா, அத்தான், பிள்ளைகள், நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்கக் கருணாகரப் பிள்ளையார் கிருபை செய்வாராக. ஐப்பசி பிறந்த கையோடு நீங்கள் எழுதிய கடிதம், கொழும்பில் யார் யார் மேசையில் எத்தனை நாள் இளைப்பாறி வந்ததோ அறியேன், சென்ற வியாழக்கிழமைதான் என் கையை அடைந்தது. "நீ வேலை செய்யும் அர்ச்சனைக் கொம்பனியின் மனேஜரைக் கலைத்துவிட்டு யப்பானிலிருந்து புது ஆளை இறக்குகிறார்களாமே, யப்பான்காரர் வேலை வாங்குவதில் எமகாதகர் என்று அத்தான் சொல்கிறார், உன் உத்தியோகத்துக்குப் பங்கம் ஏதும் வருமோ?" என்று கேட்டதோடு அமையாமல், அம்மா அந்த வியாகூலத்தோடேயே எழுந்து போய்ப் பிள்ளையாருக்கு 21 தேங்காய் உடைப்பதாக நேர்த்தியும் வைத்துவிட்டு வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நடுச்சாமத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் தனியே இருந்து அந்த இடத்தை வாசித்து நான் சிரித்த சிரிப்பைக் கண்டு, வெளியே காசு கொடுக்க நின்ற வெள்ளைக்காரன் ஒருவன் மிச்சத்தையும் வாங்காமல் போய்விட்டான்.

குற்றம் என்னுடையது. ஆவணிக் கடிதத்தில், "எங்கள் மனேஜரை நிறுத்திவிட்டார்கள்; யப்பானிலிருந்து ஒருவர் வரப்போகிறாராம்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இரவில் பெற்றோல் அடிக்க வருகிற அத்தனை பேரும் "எங்கள் மனேஜர், எங்கள் கோல்காப்பாளர், எங்கள் தலைவிதி" என்று ஓயாமல் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, அந்த 'எங்கள்' என் நாவிலும் ஒட்டிக்கொண்டது. அர்ச்சனை அன்று, அக்கா, ஆர்சனல். அது நான் சம்பளம் வாங்கும் இடமன்று. என் பெற்றோல் செட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஹைபரி என்னும் பகுதியில் மைதானம் வைத்திருக்கும் உதைபந்தாட்டக் கழகம். என் மெய்யான மனேஜர் அசையாமல் இருக்கிறார். அவரை மாற்றும்படி வேண்டுமானால் அம்மா இன்னொரு நேர்த்தி வைக்கலாம்.

இந்த நாட்டில் உதைபந்தாட்ட மனேஜர் என்பவர், யார் ஆடுவது, யார் வாங்கில் குந்தியிருப்பது, யாரை எந்த விலைக்கு வாங்குவது, தோற்றபின் பத்திரிகைக்காரருக்கு என்ன சாட்டுச் சொல்வது என்னும் சகல காரியங்களுக்கும் அதிபதி. பள்ளிக்கூடத்து அதிபரையும் கோயில் தர்மகர்த்தாவையும் ஒரே மனிதராக்கி, அவர் தலையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பரீட்சையையும் ஏற்றினால் எப்படியிருக்குமோ அப்படி. 1925 இல் இக்கழகத்துக்கு வந்த ஹேர்பேட் சப்மன் என்பவரின் செல்வாக்கு எவ்வளவென்றால், மைதானத்துக்குப் பக்கத்திலிருந்த நிலக்கீழ் ரயில் ஸ்ரேசனுக்கு 1932 இல் கழகத்தின் பெயரையே வைப்பித்துவிட்டார். நம் கோண்டாவில் ஸ்ரேசனின் பெயரை மாற்றுவிக்க எவராலும் ஆகாது. இப்போது அதற்கு வண்டியும் இல்லை, தண்டவாளமும் இல்லை, பெயர் ஒன்றுதான் மிச்சம்.

அத்தகைய ஆசனத்தில் இருந்த புரூஸ் றியொக் என்பவரை, ஆட்டப் பருவம் தொடங்க ஐந்து நாள் இருக்கையில், ஓகஸ்ட் 12 ஆந் திகதி வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றுமுதல் ஏழு வாரம் கழகம் நிரந்தர மனேஜர் இல்லாமல் கிடந்தது; அந்த ஏழு வாரமும் வடலண்டன் முழுவதும் வேறு பேச்சில்லை. நம் பள்ளிக்கூடத்துக்கு வெளியூர் அதிபர் ஒருவர் நியமனமானால், அவர் வந்து வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்குமுன்னரே, உரும்பிராய்ச் சந்தியிலும் வாசிகசாலைத் திண்ணையிலும் அவருடைய கல்வி, குணம், கோபம், வாங்கிய சீதனம் எல்லாம் சாங்கோபாங்கமாக ஆராயப்படுமே, அந்த ஆராய்ச்சிக்கு ஓவர்கோட்டு உடுத்தி, குளிரில் நிறுத்திப் பாருங்கள்.

வருகிறவர் பெயர் ஆர்சேன் வெங்கர். கழகம் ஆர்சனல், மனேஜர் ஆர்சேன்! பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் எடுத்தார்களோ என்று நான் வியந்தேன்; என் இரவு வாடிக்கைக்காரரான டாக்சிக்காரரோ அதை அச்சுப்பிழை என்றே எண்ணினாராம். மாலைப் பத்திரிகை ஒன்று, "ஆர்சேனா, அது யார்?" என்னும் பொருள்படக் கொட்டை எழுத்தில் கேட்டது. அத்தானுக்குச் சொல்லுங்கள், அவர் யப்பான்காரர் அல்லர். யப்பானில் நகோயா நகரத்துக் கழகத்தை நடத்திக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர். ஸ்திராஸ்பூர்க் சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்தவர். மொனாக்கோ என்னும் கழகத்துக்கு 1988 இல் பிரெஞ்சு லீக்கை வென்று கொடுத்தவர். உயரமாய், மெலிந்து, மூக்குக்கண்ணாடியோடு இருப்பார்.

டாக்சிக்காரர் யொகான் குரூய்ஃப் வரவேண்டும் என்ற கட்சி. அவர் ஒல்லாந்து தேசத்து மகாவித்துவான். மே மாதத்தில்தான் பார்சலோனாக் கழகத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தார். "பிறநாட்டார் ஒருவராவது இங்கிலாந்தில் லீக் வென்றதுண்டா?" என்பது டாக்சிக்காரருடைய பிரமாஸ்திரம். குரூய்ஃபும் பிறநாட்டார்தாமே என்று கேட்டால், "அவர் குரூய்ஃப்" என்பார். (ஸ்கொத்லாந்துக்காரரை இவர்கள் பிறநாட்டாராக எண்ணுவதில்லை, லீக் வெல்லுகிற மட்டும் எண்ணுவதில்லை.) விடியற்காலை வேலைக்குப் போகும் தபால்காரர் வெங்கர் கட்சி. மொனாக்கோவில் வெங்கரின் கீழ் ஆடிய கிளென் ஹொடில், இப்போது இங்கிலாந்து அணிக்கே மனேஜர், அவரே இவரைப் போற்றுகிறார் என்று இவர் சாட்சி கொண்டுவந்தார். ஹொடிலோ பரம வைரியாகிய ரொட்டனம் கழகத்தில் ஆடி வளர்ந்தவர். ஆகவே அந்தச் சாட்சியம் செல்லாது என்று டாக்சிக்காரர் தள்ளினார். தாம் வருமுன்னரே இருபது வயதுப் பிள்ளை ஒருவனை, பற்றிக் வியேரா என்பவனை, வெங்கர் தெரிந்து அனுப்பிவைத்ததைத் தபால்காரர் எடுத்துக் காட்டினார். "பந்தை அடித்தானா? நடந்தான்" என்றார் மற்றவர்.

இவ்வளவு சம்பாஷணையும் எந்த வழியாக நடந்தது என்று சொன்னால்தான் உங்களுக்கு என் சீவியம் விளங்கும். இரவு 11 மணிக்குக் கதவைப் பூட்டினால், காலை 6 மணி வரை அதை யாருக்கும் திறக்கக் கூடாது என்பது எங்கள் செட்டின் வேதவாக்கு. கண்ணாடிக்குக் கீழே ஓர் இரும்பு லாச்சி உண்டு. வெளியே நிற்பவர் அதில் காசை வைப்பார். நான் பிடியை இழுத்து எடுத்து, கேட்ட சாமானை வைத்துத் தள்ளுவேன். ஒரு றாத்தல் பாண் கிடையாகப் போகும், நிமிர்த்தினால் போகாது. பால் போத்தல் போகும். பெரிய போத்தல் கழுத்து முறியும். பூங்கொத்துப் போகும், ஆனால் பூவாகப் போகாது. பேசுவதற்கு ஒரு பொத்தான்: அதை அமுக்கினால் என் குரல் வெளியே கேட்கும், வெளிக்குரல் எனக்குக் கேட்காது. நான் விலை சொல்லும்போது அவர்கள் ஏசுவது ஏதும் என் காதில் விழுவதில்லை. அத்தான் இத்தகைய பொத்தான் ஒன்றை நம் குசினிக்கு விரும்பக்கூடும். ஒருமுறை என் மனேஜரே வீட்டுத் திறப்பை மறந்து வைத்துவிட்டுச் சாமம் 12 மணிக்கு வந்து நின்றார். விதியை அவருக்கே வாசித்துக் காட்டித் திறப்பை லாச்சியால் அனுப்பினேன். மறுநாள் பலர் முன்னிலையில் என்னை மெச்சினார், தனியே கூப்பிட்டு ஏசினார்.

செப்டெம்பர் 25 ஆந் திகதி இரவு, ஆர்சனல் ஜேர்மனியில் தோற்று யூஃபா கிண்ணம் என்னும் ஐரோப்பியப் போட்டியிலிருந்து வெளியேறியது. விடியப்புறம் நாலேகாலுக்கு டாக்சிக்காரர் வந்து, பத்திரிகையிலிருந்த வெங்கரின் படத்தை லாச்சிக்குள் எறிந்து, "இந்த முகத்தைப் பார். உதைபந்தாட்டக்காரனின் முகமா இது? பள்ளிக்கூடத்து வாத்தியாரின் முகம்!" என்று குனிந்து கர்ச்சித்தார். பதினெட்டு வருஷம் கேத்திரகணிதம் படிப்பித்தவன் நான். வந்த கோபத்தில் பிடியைச் சற்றுப் பலமாகவே இழுத்துவிட்டேன். படம் உள்ளே வந்தது. அதோடு அவருடைய சிவப்பு வெள்ளைக் கழுத்துச் சால்வையின் தலைப்பும் லாச்சிக்குள் நுழைந்து, பூட்டுக்குள் சிக்கி, லாச்சி இறுகிப்போயிற்று.

கழுத்திலிருந்து கழற்றிவிட்டுப் போகலாமே என்பீர்கள். கழற்றினார்; போகவில்லை. அது 1971 இல் ஆர்சனல் லீக்கையும் கிண்ணத்தையும் ஒரே பருவத்தில் வென்றபோது தகப்பனார் வாங்கிக் கொடுத்த சால்வையாம். அதை அநாதையாக விட்டுப் போகவும் மாட்டார், கத்தரிக்கவும் ஒட்டார். கத்தரிக்கோல் கொடுப்பதானாலும் லாச்சியால்தானே கொடுக்கவேண்டும்! கதவைத் திறவென்று கெஞ்சினார். நான் பொத்தானை அமுக்கி விதியை வாசித்தேன். ஆகவே, கட்டையில் கட்டிய ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப்போல, சால்வையின் மறுதலைப்பைப் பிடித்தபடி, ஆறு மணி அடிக்கும்வரை நின்றார். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்து சேர்ந்தார். எதிர்க்கட்சிக்காரன் தப்பி ஓட முடியாமல் ஓரிடத்தில் நிற்கும் பாக்கியம் எந்த விவாதகாரனுக்கு வாய்க்கும்? மொனாக்கோவிலிருந்து தொடங்கி, நகோயா வரைக்கும் ஒரு புராணபடனமே செய்து முடித்தார்.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்து சால்வையை மீட்டுக் கொடுத்தபோது, இருவரும் என்னை மத்தியஸ்தனாக்கினார்கள். நான் சொன்னேன்: "எங்களூரில் ஒரு மாணாக்கனைச் சித்தி, சித்தியில்லை என்று சொல்வதற்கே மூன்று தவணை பார்ப்போம். வாத்தியாரை ஒரு படத்தைக் கொண்டு தள்ளக் கூடாது." அவர் ஒக்டோபர் முதலாந் திகதி பொறுப்பேற்று, 12 ஆந் திகதி பிளாக்பேணில் நடந்த தமது முதலாவது ஆட்டத்தில் 2-0 என வென்றார், இரண்டு கோலும் இயன் றைற் அடித்தது. அன்றுமுதல் இந்தத் தெருவில் என் பெயர் 'புறொபசர்'. உங்கள் தம்பி பெற்றோல் விற்கிறான் என்று ஊரில் யாரேனும் இளக்காரமாகப் பேசினால் இதைச் சொல்லலாம்.

இன்னொன்று கேளுங்கள். புது மனேஜர் ஆட்டக்காரருடைய சொக்கிலேற்றை நிறுத்திவிட்டாராம், அவித்த மீனும் அவித்த மரக்கறியுமே தின்னக் கொடுக்கிறாராம் என்று, என்னிடம் சொக்கிலேற்று வாங்கித் தின்றுகொண்டே பேசிக்கொள்கிறார்கள். ஆவியில் அவித்த தீன் தேகத்துக்கு இலேசு என்பதை இவர்கள் நூதன விஞ்ஞானமாகக் கொண்டாடுகிறார்கள். அம்மா கேட்டால், நான் 40 வருஷமாய் அதைத்தானே செய்கிறேன், எனக்கு எந்தக் கழகம் சம்பளம் தந்தது என்பார். எனக்கு அந்த அவியல் மணமே மறந்துபோயிற்று. போன கிழமை கடையில் வாங்கிய மாவில் பிட்டு அவித்தேன். அதை நான் தின்னவில்லை, சிறு சிறு கல்லாக விழுங்கினேன்.

நேற்று ஒருவன் பெற்றோல் குழாயை அசிரத்தையாக எடுத்து, தன் சப்பாத்தில் ஒரு கை அளவு சிந்திவிட்டு என்னோடு சண்டைக்கு வந்தான். எனக்கு அத்தானின் மோட்டார் சைக்கிள் நினைவு வந்தது. மருந்துப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில், சேலைன் குழாயால் நாலு சொட்டைக் காபரேற்றருக்குக் காட்டி, அது உயிர்த்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகைக்குள் மறைந்து புறப்படுவாரே! அவன் சப்பாத்தில் ஊற்றியது அத்தானுக்கு ஒரு மாதத்துக்குப் போதும். போன வருஷம் ஒக்டோபர் 30 ஆந் திகதி, ஊரோடு இடம்பெயர்ந்து, அம்மாவைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு நீங்கள் நாவற்குழிப் பாலம் கடந்த இரவிலும், நான் இதே கதிரையில் இருந்து பாண் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரியும். அந்த ஒன்பது நாளும் இங்கே றியொக் நல்லவரா கெட்டவரா என்று விவாதம். நானும் ஒரு கட்சியில் நின்றேன்.

இனி, அந்த நேர்த்தி. கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே டாக்சிக்காரர் வந்து, சால்வையை நன்றாக உள்ளே செருகிக்கொண்டு, என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். தேங்காய் எந்த மாதம் நேர்ந்தது என்று கேட்டு, விரல்விட்டு எண்ணி, ரொட்டனத்தை 24 ஆந் திகதி 3-1 என வென்றதும், நேற்றுமுன்தினம் நியூகாசிலை 2-1 என வென்றதும் அந்த நேர்த்திக்குப் பின்னர்தான் என்று கண்டுபிடித்துவிட்டார். நேர்த்திக்குப் பின்னர் மான்செஸ்டரிடம் தோற்றதையும் நான் நினைவூட்டினேன். அது தேங்காய் இன்னும் உடையாததால் வந்த விக்கினம் என்கிறார். அம்மாவைக் கைக்காசு செலவழிக்க விடக்கூடாதென்று ஐந்து பவுண் தாள் ஒன்றை லாச்சியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதையும் என் காசோடு சேர்த்துக் கொழும்பு வழியாக அனுப்புகிறேன். பிள்ளையார் கதை முடியுமுன் வந்து சேருமோ தெரியாது. பிந்தினால் அடுத்த சதுர்த்திக்கு உடையுங்கள்.

அர்ச்சனையும் செய்விக்கவேண்டுமாம். ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டால், பெயர் ஆர்சேன், ஐப்பசி மாதத்துப் பிறப்பு. நட்சத்திரத்தை டாக்சிக்காரர் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் சுவாமி பெயருக்கே செய்யச் சொல்லுங்கள். அம்மாவின் முழங்காலுக்கு அனுப்பிய தைலம் கிடைத்ததா என்று எழுதவும்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி