டெர்மினலில் ஏரல்

கேள்வி: லினக்ஸ் டெர்மினலைத் திறந்தால் கணினிப் பெயரும் டாலர் குறியும்தான் நிற்கின்றன. அங்கே ‘ஏரல்’ என்று வரவைக்க முடியுமா?
– வாசகர், ஏரல்

பதில்: தாராளமாக! சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ உபுண்டுவோ, பாஷ் ஷெல்லில் அந்த வரிக்கு எஜமான் பிஎஸ்1 என்ற மாறிதான். ஹோம் ஃபோல்டரில் ஒளிந்திருக்கும் பாஷ்ஆர்சி கோப்பின் கடைசி வரியில் அதற்கு ‘ஏரல்’ என்று மதிப்புக் கொடுத்துவிட்டு, புது டெர்மினல் திறந்தால் போதும். தாமிரபரணிக் கரை ஊர் ஜம்மென்று திரையில் வந்து உட்காரும்.

வண்ணம் பூசுகிறவர்களுக்குத்தான் கண்டம். வண்ணக் குறியீட்டின் இருபுறமும் பின்சாய்கோடு சேர்த்த சதுர அடைப்புக்குறி வேண்டும். அதை விட்டால் ஷெல் நீளத்தைத் தப்பாக எண்ணும்; நீண்ட கட்டளை அடுத்த வரிக்கு இறங்காமல் தன் தலைமேலேயே ஏறிக்கொள்ளும்.

ஊர்ப் பாசத்தில் டாலர் குறியைத் தூக்கிவிட வேண்டாம். பின்சாய்கோட்டோடு சேர்த்து எழுதினால், ரூட் அதிகாரத்தில் அது ஹாஷ் குறியாக மாறி எச்சரிக்கும். கோப்பை அழிக்கும் கட்டளை தட்டும் முன் அதைப் பாருங்கள்.