'அவன்' என்னும் அஃறிணை: ஓசையின்றி மீன் சமைத்தல் குறித்து ஓர் ஆய்வு

"அவன் சூடாயிடுச்சா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். எழுவாய் ஆண்பால், பயனிலை ஒன்றன்பால். உயர்திணையையும் அஃறிணையையும் வரையறுத்த தொல்காப்பியர், மின்சாரத்தில் காயும் இரும்புப் பெட்டியொன்று இந்தப் பெயரோடு திருவொற்றியூருக்கு வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். கூடத்திலிருந்த மாமியார், பேச்சு என்னைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டார்.

ஆய்வின் எல்லை: வடக்கே எண்ணூர்க் கழிமுகம், தெற்கே காசிமேடு, கிழக்கே கடல், மேற்கே ரயில் தண்டவாளம். இதற்குள் மீன் சமைப்பது வீட்டுக் காரியம் அன்று, தெருவுக்கான அறிவிப்பு. எண்ணெயில் துண்டு விழும் 'சொய்ங்' நாலு வீடு கேட்கும். ஓசை எழுப்பாத மீனைத் தெரு மீனாக ஏற்குமா என்பதே ஆய்வுச் சிக்கல்.

காலத் தேர்வில் ஆய்வாளர் சறுக்கினார். அது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். கடலுக்குள் போவதெல்லாம் ஃபைபர் படகும் கட்டுமரமும்தான். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது என்பதால் லாரியில் ஐஸ் மீனும் வரும். விலையைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்த்து, முக்கால் கிலோவில் ஒரு சங்கரா எடுத்தேன்.

"குழம்புக்கா, வறுக்கவா?" என்றார் மீன்கார அக்கா. வடசென்னையின் மீனியல் மொத்தமும் இந்த இரண்டு பிரிவுக்குள் அடக்கம்.

"முழுசா வேணும்க்கா. செதிலு, குடலு மட்டும் எடுத்துடுங்க."

"முழுசாவா? இன்னா பண்ணப்போற?"

"அவன்ல வைக்கப்போறேன்."

"எவன்ல?"

சுட்டெழுத்து வினாவெழுத்தாக மாறியதும் களப்பணியை முடித்துக்கொண்டேன்.

இருபுறமும் மும்மூன்று கீறல். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி நல்லெண்ணெய். வாழையிலையில் சுற்றி 180 டிகிரியில் வைத்தேன். இருபது நிமிடம் கழித்துப் பிரித்தால், மீன் வெளுத்துக் கிடந்தது. "இட்லி மாதிரி இருக்கு" என்றார் மாமியார். அறிவியலும் அவர் பக்கமே. இலைக்குள் ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வறுவலுக்கு நிறமும் மணமும் தரும் வினையை 1912இல் விவரித்தவர் மாய்லார் என்ற பிரெஞ்சுக்காரர். அது வேகம் பிடிக்கச் சுமார் 140 டிகிரி வேண்டும். ஆக, நான் மீனைச் சுடவில்லை, அவித்திருக்கிறேன். இலையை விரித்துவிட்டு இன்னும் ஏழு நிமிடம் வைத்ததில் தோல் சிவந்து ஓரம் முறுகியது. 'டிங்' என்றது பெட்டி. சுவர் தாண்டாத ஓசை.

சாப்பிட உட்காரும்போது பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தோடு வந்தார். "சட்டி சத்தமே கேக்கல. இந்த வெலைக்கு எங்க மீன் எடுக்கிறது, சொல்லு. கருவாட்டுக் குழம்பு, மாங்கா போட்டிருக்கேன்." மனைவி இலையைக் காட்ட வாயெடுத்தாள், அதற்குள் மாமியார் கிண்ணத்தை வாங்கிவிட்டார்.

சங்கராவைப் பிட்டுப் பிட்டு அந்தக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டோம். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று வால் பக்கம் ஒரு துண்டு வைத்துக் கொடுத்தனுப்பினோம்.

ஐந்து நிமிடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் 'சொய்ங்' என்று கேட்டது.