சாரலும் சவேரியாரும்

புனிதர் திருநாள் என்று கத்தோலிக்கர்கள் கொண்டாடுவது பெரும்பாலும் அவர் செத்த நாளை. மேலே போய்ச் சேர்ந்த தேதிதான் அசல் பிறந்தநாள் என்பது திருச்சபைக் கணக்கு. நாயன்மார்களுக்குக் குருபூசை நடத்திப் பழகிய தென்காசிச் சீமைக்கு இது புதிதில்லை. ஆனால் அந்தத் தேதிகளைக் குற்றாலச் சீசனோடு பொருத்திப் பார்த்தால்தான் புனிதர்களில் யார் விவரமானவர், யார் விவரம் பத்தாதவர் என்று தெரியவரும்.

விவரமானவர்களில் முதல் ஆள் பதுவை அந்தோணியார். 1231 ஜூன் 13 அன்று கண்ணை மூடினார். கேரளத்தில் மழை பிடித்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று சிலுசிலுவென்று இறங்குகிற நேரம். லிஸ்பனில் பிறந்த இந்த மனுஷர் மொராக்கோவுக்குப் போய் வேதசாட்சியாகச் சாக ஆசைப்பட்டார். போன இடத்தில் காய்ச்சலில் படுத்ததுதான் மிச்சம். ஊர் திரும்பலாம் என்று கப்பல் ஏறினால், காற்று அதை சிசிலியில் கொண்டுபோய்த் தள்ளியது. சாவதற்கும் ஒரு ராசி வேண்டும். ரிமினி என்ற ஊரில் ஜனங்கள் பிரசங்கம் கேட்க மறுத்ததால் கடற்கரைக்குப் போய் மீன்களுக்குப் பிரசங்கம் வைத்தார் என்பது கதை. மீன்கள் தலையைத் தூக்கிக் கடைசிவரை கேட்டனவாம். காணிக்கைத் தட்டு வராது என்ற தைரியமாக இருக்கலாம்.

செத்து ஒரு வருஷம் முடியுமுன் புனிதர் பட்டம் வந்துவிட்டது, 1232 மே 30. நம் நட்டாலத்துக்காரர் தேவசகாயம் பிள்ளை ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுடப்பட்டது 1752 ஜனவரி 14. அவருடைய ஃபைல் ரோமில் கையெழுத்தாகிப் பட்டம் வந்தது 2022 மே 15. இருநூற்று எழுபது வருஷம். தனி மாவட்டம் கேட்டுக் கேட்டு 2019இல் வாங்கிய தென்காசிக்காரர்களுக்கு அவர் வருத்தம் புரியும்.

அந்தோணியாருக்கு உலகம் முழுக்க ஒப்படைத்திருக்கும் இலாகா, காணாமல் போன பொருள். அருவியில் செயினையும் மோதிரத்தையும் ஒற்றைச் செருப்பையும் விடுகிறவர்கள் இருக்கும்வரை சீசனில் அவருக்கு லீவு கிடையாது. என்றாலும் புளியம்பட்டியிலும் உவரியிலும் அவருக்குப் பெரிய திருவிழா ஜூனில் இல்லை, தையை ஒட்டித்தான். அறுப்பு முடிந்து கையில் காசு புரளும்போதுதானே மொட்டையும் காதுகுத்தும் கிடா வெட்டி அசனமும் நடத்த முடியும்? ரோமாபுரி வைத்த தேதி ரோமாபுரிக்கு.

அடுத்தவர் ஸ்நாபக அருளப்பர், ஜூன் 24. இது பிறந்தநாள். சேசு, மாதா, இவர் என்று மூன்று பேருக்குத்தான் திருச்சபை பிறந்தநாள் கொண்டாடுகிறது. ஒட்டகமயிர் ஆடை கட்டி, வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் தின்று, யோர்தான் ஆற்றில் வந்தவர்களையெல்லாம் முக்கி எடுத்தவர். ஜூன் 24 அன்று பேரருவியில் நின்றிருந்தால் ஆள் பிடிக்க அலைந்திருக்க வேண்டாம். வரிசை தானாகவே வந்து தலையைக் கொடுக்கும். "விரியன் பாம்புக் குட்டிகளே" என்று இவர் ஆரம்பித்தால்தான் போலீஸ் விசில் ஊதும்.

தென்காசிப் பங்கின் பாதுகாவலர் மிக்கேல் அதிதூதருக்கு செப்டம்பர் 29. சீசன் முடிந்து கடைகளைக் கட்டுகிற சமயம். சம்மனசுக்குப் பிறப்புமில்லை, இறப்புமில்லை, எந்தத் தேதி வைத்தாலும் ஒன்றுதான் என்று தள்ளிவிட்டார்கள் போலும்.

விவரம் பத்தாத ஆள் என்றால் சவேரியார்தான். டிசம்பர் 3. வடகிழக்குப் பருவமழை கொட்டி, அருவியில் வெள்ளம் பாய்ந்து, குளிக்கத் தடை போடுகிற நாட்கள். அவர் ஜாதகமே அப்படி. இந்தியாவுக்கு வர வேண்டியவர் பொபதில்லா என்ற வேறொரு சாமியார். அவர் நோயில் விழவே, சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் இவரைக் கூப்பிட்டு, நீ போ என்றார். நைந்த துணிகளை ஒட்டுப்போட்டுக்கொண்டு கிளம்பினார். லிஸ்பனில் கப்பல் ஏறியது 1541இல், அன்றைக்கு அவருக்கு முப்பத்தைந்தாவது பிறந்தநாள். கோவா வந்து சேர்ந்தது மறு வருஷம் மே 6.

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் அதற்குமுன்பே, 1530களில், ஞானஸ்நானம் வாங்கியிருந்தார்கள். முத்துச் சலாபச் சண்டையில் போர்த்துகீசியர் துணை தேவைப்பட்டது. ஜெபம் சொல்லித்தரத்தான் ஆளில்லை. சவேரியார் மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் சொல்லி, அர்த்தம் பாதி விளங்கியும் விளங்காமலும் உருப்போட்டு, கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்தார். திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்குமேல் ஞானஸ்நானம். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்துபோகிறது என்று கடிதத்தில் எழுதினார்.

அப்போது தென்காசியில் பாண்டியர்கள் மிச்சமிருந்தார்கள், குற்றாலத்தில் தண்ணீரும் விழுந்துகொண்டிருந்தது. மலாக்கா, ஜப்பான் என்று உலகம் சுற்றிய மனுஷர், கூப்பிடு தூரத்தில் இருந்த அருவிக்கு வந்து அந்தக் கையைக் காட்டியிருக்கலாம்.

1552இல் சீனாவுக்குள் நுழைய முடியாமல் சான்சியான் தீவில் செத்தார். சீக்கிரம் கரையட்டும் என்று சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள், கரையவில்லை. 1554இல் உடல் கோவாவுக்கு வந்தபோது, பாதத்தை முத்தமிடக் குனிந்த ஒரு போர்த்துகீசியச் சீமாட்டி கால்விரலைக் கடித்து எடுத்துக்கொண்டாள் என்கிறார்கள். பக்திக்கு ஓர் அளவு உண்டு. ஓய்ந்துபோகிறது என்று அவரே புகார் சொன்ன வலது கையை ரோம் விடவில்லை. 1614இல் அறுத்து வரவழைத்து அங்குள்ள சேசு கோயிலில் வைத்துக்கொண்டது. புனிதர் பட்டம் 1622இல்தான் வந்தது.

கோட்டாற்றில் அவருக்குத் தேர் ஓடும் டிசம்பர் 3 அன்று கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. தென்காசி மாவட்டத்தில் அன்று பள்ளிக்கூடம் உண்டு. அவர் அருவிக்கு வராத குறைக்கு நம் பிள்ளைகள் தண்டம் கட்டுகிறார்கள்.