அப்பீல் வீண் செலவா?

கேள்வி: கீழ்க்கோர்ட்டில் தண்டனை விழுந்த பிறகு அப்பீல் போவது வீண் செலவுதானே? போனால் தண்டனை கூடிவிடும் என்றும் பயமுறுத்துகிறார்களே!
– ஒரு வாசகி, மணவூர்

பதில்: பாகவதர் அப்படி நினைத்திருந்தால் அந்தமான் தண்டனைக்காரராகவே கணக்கில் இருந்திருப்பார். 'ஹரிதாஸ்' படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர் சிறையில்! கூடவே நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணன். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் ஜூரிகள் குற்றவாளி என்று சொல்ல, 1945-ல் தீவாந்தர தண்டனை, அதாவது ஆயுளுக்கும் நாடுகடத்தல். உயர் நீதிமன்ற அப்பீலும் தோற்றது. விடவில்லை, லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனார்கள். வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை. இழந்த இரண்டு வருஷத்தைத்தான் எந்தக் கோர்ட்டாலும் திருப்பித் தர முடியவில்லை.

உங்களுக்கு லண்டன் வேண்டாம், ரயிலில் திருவள்ளூர் போதும். மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு எதிராக அங்கே செஷன்ஸ் கோர்ட்டில் 30 நாளுக்குள். செஷன்ஸ் தீர்ப்பென்றால் உயர் நீதிமன்றத்தில் 60 நாளுக்குள். தண்டனை பெற்றவர் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்டச் சட்டம் இடம் தரவில்லை. சிறையில் இருப்பவர் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். பயமுறுத்துகிறவர்களை விடுங்கள், தீர்ப்புத் தேதியை முதலில் குறித்துவையுங்கள்.